பூட்ஸைக் கழற்றாத வரை

மின்சாரத்தைக் கண்டுபிடித்தவர்கள் உலகத்தில் பல பேர் இருக்கலாம். மின்சாரத்தை அதட்டி வைத்திருந்தவர் ஒருவர்தான், அவர் என் மாமா. அவர் தெருவில் நடந்து வந்தால் டிரான்ஸ்ஃபார்மர் எழுந்து நின்று வழிவிடும். கம்பத்தில் தொய்ந்து கிடக்கும் ஒயர்கள் வயிற்றை எக்கிக்கொண்டு நேராகும். மின்னல் எங்கள் தெருவைத் தாண்டும்போது செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சத்தம் காட்டாமல் தாண்டும். இதெல்லாம் என் சொந்தச் சரக்கு இல்லை. கொஞ்சம் கூடக்குறைய அவரே சொல்வதுதான். "கரண்டுக்கு என்னைத் தெரியும். தொடாது" என்பார்.

அதில் பயங்கரம் என்னவென்றால், சொன்னது உண்மை. தொடவில்லை. ஏன் தொடவில்லை என்பதைத்தான் மனிதர் தப்பாகப் புரிந்துவைத்திருந்தார்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. கலர் மீன் கடை வைத்திருக்கிறார். அதற்கு முன்னால் சுவருக்குப் பெயின்ட் அடித்தார், பஞ்சர் ஒட்டினார், ஐஸ் ஃபேக்டரியில் பாளம் தூக்கினார். எதிலும் நிலைக்கவில்லை. கல்யாணமான புதிதில் அத்தை, ஒரே வேலையில் ஒரு வருஷம் இருந்து காட்டுங்கள் பார்க்கலாம் என்று சவால் விட்டாளாம். அந்த ரோஷத்தில் ஊறுகாய் பாட்டிலில் இரண்டு மீனோடு ஆரம்பித்தவர்தான். இப்போது கடை நிறையத் தொட்டிகள். மீன் ஒன்று செத்தால் அன்று சாப்பிட மாட்டார். பூந்தொட்டியில் குழி தோண்டிப் புதைத்துவிட்டு, யாராவது பார்த்தால் உரம் போடுகிறேன் என்பார். பிள்ளை குட்டி இல்லை. அதனால் மீன்களுக்கு விழும் திட்டில் பாதியும் கொஞ்சலில் கால்வாசியும் எனக்கு வரும். பள்ளிக்கூடமும் நானும் பேசிப் பிரிந்துவிட்ட பிறகு, வீட்டில் இருந்தால் அக்கம்பக்கத்துக்கு ஆபத்து என்று அம்மா என்னைப் பகலில் அவர் கடைக்குத் துரத்திவிடுவாள்.

கடை ஒரு நீளமான குகை. ஜன்னல் கிடையாது. இரண்டு பக்கமும் மர அடுக்குகளில் தொட்டிகள், நீல வெளிச்சம், குமிழிச் சத்தம். சிமென்ட் தரை எந்நேரமும் ஈரம். அடுக்குகளுக்குப் பின்னால் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்கள் கயிற்றில் தொங்கும். மூடியில் கோக்கும் நீர்த்துளிகள் ஒயர் வழியாகவே நடந்து, பிளக்கின் கழுத்துவரை வந்து நின்று யோசிக்கும். சில நேரம் ஒரு பாக்ஸ் உர்ரென்று உறுமும். மாமா அதன் தலையில் ஒரு தட்டு தட்டுவார். அடங்கிவிடும்.

ஒயரிங் முழுக்க அவர் கைவேலை. தொட்டிக்குப் பின்னால் ஒட்டும் நீலத் தாளுக்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று எல்லா ஒயரையும் நீலத்திலேயே வாங்கி இழுத்திருந்தார். ஒயர் விற்றவர், எது என்ன என்று தெரிய வேண்டுமே, சிவப்பும் கறுப்பும் பச்சையும் வாங்குங்கள் என்றாராம். மூணு கலர்ல இழுக்க என் கடை என்ன கொடிக்கம்பமா என்று கேட்டுவிட்டு வந்திருக்கிறார்.

கடைக்கு ஒரு சட்டமும் உண்டு. யாராக இருந்தாலும் செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். தெருவில் கொசு மருந்து அடிக்கிறார்கள், அந்த விஷம் செருப்போடு வந்து எப்படியாவது தண்ணீரில் கலந்துவிடும் என்பது அவர் பயம். ஆக, அந்த ஈரத் தரையில் எல்லோரும் வெறுங்காலோடு நிற்பார்கள். மாமா மட்டும் முழங்கால் வரைக்கும் கறுப்பு ரப்பர் பூட்ஸ். அது கடையை விட்டு வெளியே போகாத பூட்ஸ் என்பதால் சட்டம் அதற்குச் செல்லாது. தெருவில் அவருக்குப் பெயரே பூட்ஸ்தான். வாடிக்கையாளர்கள் தண்ணீரில் கை வைக்கக் கூடாது. கை வைக்கிற ஒரே ஆள், பூட்ஸ் போட்ட ஒரே ஆள். கடையில் இதுவரை யாரும் சாகாமல் இருந்ததற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

கடைக்கோடியில் பெரிய தொட்டி. அதில் தட்டு மாதிரி வட்டமான டிஸ்கஸ் மீன்கள். சூடு குறைந்தால் சுருண்டுவிடும் ஜாதி. அதனால் தண்ணீருக்குள் ஒரு மூலையில் கண்ணாடிக் குழாய் ஹீட்டர் ஒன்று எப்போதும் நின்றுகொண்டிருக்கும். ஓடும்போது அதன் தலையில் பொட்டு மாதிரி ஒரு சிவப்பு விளக்கு எரியும்.

ஒருநாள் யாரோ குழந்தை விட்டுப்போன பிளாஸ்டிக் முதலை ஒன்று என் கையில் கிடைத்தது. மாமா மீன்களோடு பேச வரும்போது முதலை பதில் சொன்னால் எப்படி இருக்கும் என்று எனக்கு ஆசை. பெரிய தொட்டியில் அதைக் கல்லுக்கு அடியில் செருகப் போனேன். மணிக்கட்டு நனைந்ததுதான் தெரியும். உள்ளேயிருந்து யாரோ என் எலும்பைப் பிடித்து உலுக்கி வெளியே எறிந்தார்கள். முழங்கை அடுக்கில் இடித்தது. வாயில் இரும்புச் சுவை. அப்போதுதான் என் உள்ளங்கால் எவ்வளவு ஈரத்தில் இருக்கிறது என்று பார்த்தேன்.

மாமா ஓடி வந்தார். சொன்னேன். பூட்ஸ் சத்தத்தோடு நடந்துபோய் முழங்கை வரைக்கும் கையை உள்ளே விட்டு, மாவு கரைப்பது போல் ஒரு சுற்று சுற்றினார். "எங்க உன் கரண்ட்? கூப்பிடு, வரட்டும்."

ஒன்றும் வரவில்லை. நான் இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தேன். அவர் அதைப் பார்த்துக் கைதட்டினார். காரணம் இருக்கிறது. அதற்குப் பத்து நாள் முன்னால்தான் அவர் வீட்டில் ஃபேன் சுவிட்சில் விரலை வைத்து, நாக்கைத் தள்ளி, உடம்பை உதறி அத்தைக்கு ஒரு காட்சி போட்டிருந்தேன். ஷாக் அடித்தவரைக் கையால் தொடக் கூடாது, முதலில் கரண்டை நிறுத்த வேண்டும், முடியாவிட்டால் காய்ந்த மரக்கட்டையால் விலக்க வேண்டும் என்பது அத்தைக்கு எப்படியோ தெரிந்திருந்தது. துடைப்பக் கட்டையால் விலக்கினாள். பல தடவை விலக்கினாள். அவள் செய்தது முழுக்கச் சரி. அன்று கரண்ட் மட்டும் இல்லை.

மாமாவின் கடைசி வாதம் மீன். தண்ணீரில் கரண்ட் இருந்தால் முதலில் போவது மீன்தானே, அது ஜம்மென்று நீந்துகிறதே என்றார். இத்தனை வருஷமும் அவருடைய டெஸ்டர் அதுதான். காலையில் மீன் உயிரோடு இருந்தால் தொட்டி நல்ல தொட்டி.

நான் அந்த மீன்களைக் கொஞ்ச நேரம் பார்த்தேன். நீந்தின, சரி. ஆனால் எல்லாம் ஒரே பக்கமாக நீந்தின. ஹீட்டர் இருந்த மூலைக்கு ஒன்றுகூடப் போகவில்லை. பாதி வழி போய்த் திரும்பின. கேட்டதற்கு, அதுங்களுக்கு அந்த மூலை பிடிக்கலை என்று முடித்துவிட்டார்.

பக்கத்துத் தையல் கடைக்கு மோட்டார் பார்க்க வந்த ஒயர்மேனை நான்தான் சட்டையைப் பிடிக்காத குறையாக இழுத்து வந்தேன். வாசலிலேயே தகராறு. மாமா செருப்பைக் கழற்றச் சொன்னார். ஒயர்மேன் உள்ளே எட்டிப் பார்த்தார், தரையைப் பார்த்தார், தொங்கும் பாக்ஸ்களைப் பார்த்தார். கழற்றினால் வர மாட்டேன் என்றார். கடைசியில் செருப்பைக் கழுவித் துடைத்துக் காட்டிவிட்டுப் போட்டுக்கொண்டே வந்தார்.

டெஸ்டர் முனையைப் பெரிய தொட்டியின் தண்ணீரில் வைத்தார். டெஸ்டருக்குள் சிவப்பு எரிந்தது. ஹீட்டர் குழாயில் மயிரிழை போல் ஒரு விரிசல் இருப்பதைக் காட்டினார். சரி, அணைத்துவிட்டால் போச்சு என்று மாமா போய் சுவிட்சைத் தட்டினார். ஹீட்டரின் பொட்டு விளக்கு அணைந்தது.

டெஸ்டர் அணையவில்லை.

கரண்ட் ஒரு ஒயரில் வந்து இன்னொன்றில் வீடு திரும்பும் என்றார் ஒயர்மேன். வருவது ஃபேஸ், திரும்புவது நியூட்ரல். சுவிட்ச், வருகிற ஒயரை மறிக்க வேண்டும். எல்லாமே நீலமாக இருந்ததால் மாமா திரும்புகிற ஒயரில் கொண்டுபோய் மாட்டியிருக்கிறார். திருடனை வீட்டுக்குள் விட்டுவிட்டுக் கொல்லைக் கதவைப் பூட்டுகிற கதை. ஹீட்டர் நின்றுவிடும், பார்க்கிறவர் அணைந்துவிட்டது என்று நம்பிக் கை வைப்பார், கரண்ட் உள்ளேயே உட்கார்ந்திருக்கும்.

மீன் ஏன் சாகவில்லை என்று நான் கேட்டேன். அந்தக் கரண்டுக்குப் பூமியும் ஒரு வீடுதான், எது வழியாகவாவது தரைக்கு இறங்கப் பார்க்கும் என்றார். மீனைச் சுற்றிக் கண்ணாடி, கண்ணாடிக்குக் கீழே மரம். அதற்குள் இருக்கிறதுக்கு இறங்க வழியில்லை. கையைத் தண்ணீரிலும் காலை ஈரத் தரையிலும் வைத்துக்கொண்டு ஒருவர் நின்றால் அவர்தான் வழி. ரப்பர் அந்த வழியை அடைக்கிறது, அவ்வளவுதான் அண்ணனுடைய மகிமை என்றார். ஃபியூஸ் இருக்கிறதே என்றார் மாமா. ஃபியூஸ் ஒயரைக் காப்பாற்றத்தான், ஆளைக் காப்பாற்ற இல்லையாம். ஒரு ஆள் சாகிற அளவு கரண்ட் ஃபியூஸுக்குத் தூசி. வரிசையாக நூறு பேர் கைகோத்துக்கொண்டு செத்தால் ஒருவேளை அதற்கு விஷயம் தெரியும் என்று நான் புரிந்துகொண்டேன். ஆளைக் காப்பாற்ற டிரிப் சுவிட்ச் என்று ஒன்று உண்டு. போன கரண்ட் முழுசாகத் திரும்பவில்லை என்றால் கண்ணிமைப்பதற்குள் எல்லாவற்றையும் அணைத்துவிடும். கடையில் அது இல்லை. கசிகிற கரண்டை நேரே பூமிக்கு இறக்கிவிடும் எர்த் ஒயரும் இல்லை.

மாமா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு, வேலை இல்லாத ஒயர்மேன் சுவத்துப் பல்லிக்கும் எர்த் போடணும்பான் என்று சொல்லி அனுப்பிவிட்டார். தண்ணீரில் வைத்தால் எந்த டெஸ்டரும் எரியும் என்பது அவர் கட்சி.

ஒயர்மேன் கோபப்படவில்லை. வாசலில் நின்று திரும்பினார்.

"நான் சொன்ன எதையும் நம்ப வேணாம்ணே. அந்த பூட்ஸை மட்டும் கழட்டாதீங்க."

அந்த பூட்ஸ்தான் மாமாவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருந்தது. நாள் முழுக்க ஈரத்துக்குள் வெந்து, விரலிடுக்குகள் வெளுத்து உரிந்துவிட்டன. பிறகு வெடித்தன. வீட்டில் அவர் காலை நீட்டினால் அத்தை, நீங்க இருங்க, காலை மட்டும் மொட்டை மாடிக்கு அனுப்புங்க என்பாள். நொண்ட ஆரம்பித்ததும் அவளே கையைப் பிடித்து டாக்டரிடம் இழுத்துப் போனாள். அன்று மத்தியானம் கடையில் நான் மட்டும். யாராவது வந்தால் சாயங்காலம் வரச் சொல்ல வேண்டும், எதையும் தொடக் கூடாது, முக்கியமாக முதலையைத் தொடக் கூடாது.

அத்தை போன் பண்ணினாள். சந்தோஷமாக இருந்தாள். பயப்பட ஒன்றுமில்லையாம், களிம்பு கொடுத்திருக்கிறாராம். ஒரு மாசத்துக்குக் காலில் ரப்பரே படக் கூடாது, காற்றாட இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டாராம். மாமா நேராகக் கடைக்குத்தான் வருகிறார், மீனுக்குத் தண்ணீர் மாற்ற வேண்டுமாம்.

அவரை விடாதீங்க அத்தை, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க என்றேன். ஏன் என்றாள். சொன்னேன்.

"துடைப்பக் கட்டை இன்னும் அங்கேயேதான் இருக்கு, தெரியும்ல?" என்றாள். வைத்துவிட்டாள்.

போனை மூடிவிட்டு நான் அந்த நீல வெளிச்சத்தில் நின்றேன். வருகிறவருக்கு வாசலில் அவர் போட்ட சட்டமே காத்திருக்கிறது. வெளிச் செருப்பை அங்கே கழற்றுவார். பூட்ஸ் கூடாது. ஈரத்தில் வெறுங்காலோடு நடந்து வருவார், உரிந்த காலோடு. சட்டையை மடித்துவிட்டு முழங்கை வரைக்கும் கையை விடுவார். தரையைத் துடைத்துப் பார்த்தேன். துடைத்து நிமிர்வதற்குள் ஏதோ ஒரு குழாய் மறுபடி சொட்டியது. மெயினை அணைக்கலாம், அவர் வந்ததும் போட்டுவிடுவார். சுவிட்சை அணைக்கலாம். அந்தச் சுவிட்சின் யோக்கியதைதான் தெரியுமே.

ஒரே வழி, ஹீட்டரை ஒழித்துக்கட்டுவது. நான் செய்ததாகவும் தெரியக் கூடாது. தெரிந்தால் என்னைத் திட்டிவிட்டு அடுத்த நிமிஷமே சரி செய்துவிடுவார்.

கையைத் துடைத்தேன். இன்னொரு கையைப் பாவாடைப் பாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டு, ஒற்றைக் கையால் பிளக்கை மெதுவாகப் பிடுங்கினேன். பிறகுதான் கட்டிங் பிளேயரை எடுத்து, பிளக்குக்குக் கொஞ்சம் தள்ளி ஒயரை நறுக்கினேன். எலி கடித்த மாதிரி தெரிய வேண்டுமே. நறுக்கிய முனையைக் கழுவி, வாயில் வைத்து நானே கொஞ்சம் கடித்துக் குதறினேன். எலிகளுடைய உழைப்பை நாம் யாரும் மதிப்பதில்லை.

மாமா வந்தார். செருப்பு வாசலில் விழும் சத்தம் கேட்டது. அதற்கப்புறம் பூட்ஸ் சத்தம் வரவில்லை. சளக், சளக் என்று வெறுங்கால் சத்தம். அந்தக் கடையில் அவர் காலடிச் சத்தத்தை நான் அப்படிக் கேட்டதே இல்லை. வேறு யாரோ வருவது போல இருந்தது.

பெரிய தொட்டிக்குப் போய்க் கையை விட்டார். எனக்கு எல்லாம் தெரிந்திருந்தும், பிடுங்கிய பிளக்கை ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டேன். கை உள்ளே ஒரு சுற்று சுற்றியது. வெளியே வந்தது.

"பாத்தியாடி? பூட்ஸ் இல்ல, ஒண்ணும் இல்ல. எங்க உன் ஒயர்மேன்? கூப்பிடு அவனை."

நான் அவரைக் காப்பாற்றினேன் என்று நினைத்தேன். உண்மையில் நான் செய்தது என்ன என்று அந்த நிமிஷம் விளங்கியது. இதுவரை பூட்ஸ் போட்டுக்கொண்டு பயப்படாமல் இருந்தவருக்கு, பூட்ஸே தேவையில்லை என்று நானே நிரூபித்துக் கொடுத்துவிட்டேன். இனி அவரைக் கடவுளே வந்து சொன்னாலும் நிறுத்த முடியாது.

அவர் மீன்களைப் பார்த்தார். புருவம் சுருங்கியது. மீன்கள் தொட்டி முழுக்கப் பரவி, அந்த மூலையிலும் நீந்திக்கொண்டிருந்தன. "இன்னிக்கு என்ன எல்லா இடமும் சுத்துதுங்க" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். பிறகுதான் பொட்டு விளக்கு எரியவில்லை என்று கவனித்தார். ஒயரைப் பிடித்துக்கொண்டே வாசல் பக்கம் வரைக்கும் போய் முனையைக் கண்டுபிடித்தார்.

எலி, என்றேன்.

எலியேதான் என்று அவரும் சொன்னார். மீன் குளிரில் சுருண்டுவிடும் என்ற கவலையில் வேறு எதையும் யோசிக்கவில்லை. வாசல் பக்கத்து மேசையில் உட்கார்ந்து, பிளேடால் நீலத்தை உரித்து, கம்பியை முறுக்கி, டேப் சுற்றினார். அவர் கை வேலை செய்வதைப் பார்க்க எனக்கு எப்போதும் பிடிக்கும். அன்று அந்த டேப் ஏற ஏற நான் ஒவ்வொரு சுற்றாக எண்ணிக்கொண்டிருந்தேன். பிளக்கைச் செருகினார். தூரத்தில் சிவப்புப் பொட்டு எரிந்தது.

தொட்டி மூலையிலிருந்து மீன்கள் ஒவ்வொன்றாக விலகி அந்தப் பக்கம் ஒதுங்கின.

அவர் எழுந்து சட்டைக் கையை மேலே ஏற்றிக்கொண்டு நடந்தார். குழாய் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது, நிமிர்த்த வேண்டும் என்றார். சளக், சளக். நான் குறுக்கே போய் நின்றேன். நகரு என்றார். கத்தலாம், விழுந்து புரளலாம். நான் எது செய்தாலும் அவர் கைதான் தட்டுவார்.

"மாமா, ஒரே ஒரு தடவை பூட்ஸ் போட்டுக்கிட்டுக் கையை விடுங்க. அப்புறம் நான் வாயே திறக்க மாட்டேன்."

நான் வாயே திறக்காத உலகம் ஒன்று அவருக்குக் கண்முன் தோன்றியிருக்க வேண்டும். அந்த ஆசையில், டாக்டருக்குத் தெரிந்தால் நீதான் பதில் சொல்லணும் என்று முனகிக்கொண்டே போய் முக்காலியில் உட்கார்ந்து வலது பூட்ஸை எடுத்தார். காலை உள்ளே விட்டார். பாதியில் நின்றது. முகம் சுளித்துக் காலை வெளியே எடுத்து, உள்ளே கையை விட்டார். கசக்கிய நியூஸ்பேப்பர் உருண்டை ஒன்று வந்தது. அடுத்த பூட்ஸிலும் ஒன்று.

என் கால் சின்னது. அந்த பூட்ஸ் எனக்கு நிற்கவில்லை. பிளக்கைப் பிடுங்கும்போது கழன்றுவிடக் கூடாதே என்று முனையில் அடைத்தது. எடுக்க மறந்துவிட்டேன்.

மாமா பேப்பரைப் பிரித்துப் பார்த்தார். மேசைமேல் கிடந்த கட்டிங் பிளேயரைப் பார்த்தார். என் காலைப் பார்த்தார். எலி பூட்ஸ் எல்லாம் போட்டுக்கிட்டுத்தான் வந்திருக்கு என்றார். நான் சிரிக்கத் தயாரானேன். அவர் சிரிக்கவில்லை. கடையைச் சுற்றி மெதுவாகப் பார்த்தார். ஒவ்வொரு தொட்டியாக, ஒவ்வொரு நீல ஒயராக. எங்கேயோ ஒரு பாக்ஸ் உறுமியது. அதைத் தட்ட அவர் எழுந்திருக்கவில்லை.

ஈரத் தரையில் இருந்த இரண்டு காலையும் மெல்லத் தூக்கி முக்காலியின் மரக்கட்டைமேல் வைத்துக்கொண்டார்.

"எங்க முன்னாடி நடிச்சே, சரி" என்றார். "கடையில ஒரு ஆளும் இல்லாதப்போ இதைப் போட்டுக்கிட்டியே, அது யாருக்குடி நடிச்சது?"